முகப்புப் பக்கத்தில் ஒரு ஆம்புலன்ஸ்

மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்ணை நடுவில் கூப்பிட்டு அனுப்புகிறார்கள் என்றால், ஸ்ரீ ஜோதிநாயகி ஸ்பின்னிங் மில்லில் அதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று, ஊரில் யாரோ செத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் எதையோ உடைத்திருக்க வேண்டும். அறிவுச்செல்வி தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே ஆபீஸ் கட்டடத்துக்கு நடக்கும்போது, தான் எதையும் உடைக்கவில்லை என்று நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டாள். அதனால் வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள்.

அவளை ஏ.சி. அறைக்குள் விட்டார்கள். நீள மேஜையைச் சுற்றி முதலாளியும் பர்சனல் மேனேஜர் ஸ்டான்லியும் இன்னும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை நடுவில் மெதுவடை இருந்தது. கோடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"ஏம்மா அழுகுறே? உக்காரு. இன்னையிலருந்து நீ கமிட்டி மெம்பர்" என்றார் ஸ்டான்லி.

நடந்தது இதுதான். பெல்ஜியத்தில் நூல் வாங்கும் கம்பெனி ஒன்று மில்லுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. உங்கள் நூல் தரமாக இருக்கிறது, விலையும் கட்டுபடியாகிறது. ஆனால் உங்கள் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்கிறீர்கள்? உங்கள் வெப்சைட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் காணோமே என்று கேட்டிருந்தார்கள். முதலாளி அதைப் படித்துவிட்டு ஆடிப்போனார். "இம்புட்டுப் பெரிய குறைய இத்தனை நாளா வெப்சைட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கோமேய்யா" என்று ஸ்டான்லியிடம் வருத்தப்பட்டார். குறை வெப்சைட்டில்தான் இருக்கிறது என்பதில் அந்த மில்லில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

பழைய வெப்சைட்டை ஆறேழு வருஷத்துக்கு முன்னால் முதலாளியின் மச்சினர் மகன் செய்து கொடுத்திருந்தான். அதில் ஒரு பிள்ளையார் சுற்றிச் சுற்றி வருவார். அவருக்குக் கீழே 'நல்வரவு' என்ற சொல் வலமிருந்து இடமாக ஓடும். வேறொன்றும் கிடையாது. அதைப் புதுப்பிப்பதற்கு ஒரு கமிட்டி போட்டு, மதுரையிலிருந்து முனீர் என்ற ஆலோசகரை வரவழைத்தார்கள். நல்ல படிப்புப் படித்த, நல்ல சட்டை போட்ட இளைஞர். வெப்சைட்டைப் புதுப்பிக்கிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறுகள் என்னென்ன, அவற்றைத் தவிர்ப்பது எப்படி என்று திரையில் படம் போட்டுப் பாடம் நடத்தினார்.

"முதல் தப்பு என்னன்னா சார், பயன்படுத்தப்போற ஆளைக் கேக்காம, பெரியவங்களா நாலு பேர் உக்காந்து முடிவு பண்றது."

முதலாளிக்கு இது சுருக்கென்று தைத்தது. "நம்ம மில்லுல தப்புங்கிறதே நடக்கக் கூடாது. போய் ஒரு தொழிலாளியக் கூட்டிட்டு வாங்க" என்றார். ப்ளஸ் டூ தேறியிருந்ததால் அறிவுச்செல்வி அகப்பட்டாள்.

"சொல்லும்மா, நம்ம வெப்சைட்டுல உனக்கு என்ன வேணும்?" என்று முனீர் மரியாதையாகக் கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். "வெப்சைட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியாது சார். ஒரு வண்டி வேணும் சார்."

அவளோடு அறையில் தங்கியிருக்கும் சத்யபிரியாவுக்கு இளைப்பு. வேலைக்குச் சேர்ந்தபோது இல்லை. பஞ்சு சிக்கெடுக்கிற பகுதியில் ஒரு வருஷம் நின்றபின் வந்தது. வந்துவிட்டால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது; ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவாள். மில் இருப்பது குஜிலியம்பாறை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காட்டுக்கு நடுவில். பஸ் வராது. போன தரம் இளைப்பு வந்தபோது பால்காரரின் மொபெட்டில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் அறிவுச்செல்வி கட்டிப் பிடித்துக்கொண்டு திண்டுக்கல் போய்ச் சேர்ந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று அங்கே டாக்டர் சத்தம் போட்டார். அதிலிருந்து அறிவுச்செல்விக்கு ராத்தூக்கம் போய்விட்டது. அடுத்த தரம் வருவதற்குள் ஒரு வண்டி வேண்டும். அவளுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

இதையெல்லாம் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். அறையில் எல்லோரும் உருகிப் போனார்கள். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாத்தீங்களா, கேட்டாத்தான தெரியுது? ஸ்டான்லி, உடனே எழுதிக்கோங்க. முகப்புப் பக்கத்துல ஒரு ஆம்புலன்ஸ்."

மறுவாரமே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. கம்பெனியின் வெள்ளை ஆம்னி வேனைத்தான் கழுவித் துடைத்து, இருபுறமும் சிவப்புச் சிலுவை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். மேலே சுற்றுகிற நீல விளக்கைப் பாட்டுக் கச்சேரிக் குழு ஒன்றிடம் இரவல் வாங்கியிருந்தார்கள். படமெடுக்கச் சின்னாளப்பட்டியிலிருந்து சூசை வந்திருந்தார். கல்யாணம், காதுகுத்து எடுக்கிறவர். நோயாளி ஒருத்தி வேண்டும் என்றதும் வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், சத்யபிரியாவிடம் நின்றுவிட்டார். "இந்தப் பிள்ளை போதும். மேக்கப்பே வேணாம்."

சத்யபிரியாவை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துக் கழுத்துவரை போர்த்தினார்கள். அவள் நோயாளி மாதிரியே படுத்திருந்தாள். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"நாம என்ன சாவு வீட்டுக்கா படம் எடுக்குறோம்? சிரிக்கச் சொல்லுய்யா."

டிரைவர் இஞ்ஞாசி நல்ல மனுஷர். இஞ்சின் ஓடாத வண்டியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஒடித்து, "விலகுங்கப்பு, விலகுங்க! மகாராணி வர்றாக!" என்று சத்தம் போட்டார். சத்யபிரியா சிரித்தாள். சொன்னதற்காகச் சிரித்ததல்ல, நிஜமாகவே சிரித்தாள். சூசை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். இறங்கி வந்ததும் அறிவுச்செல்வியின் கையைப் பிடித்து, "அக்கா, எனக்குன்னே வண்டி வாங்கிட்டாக பாருக்கா" என்றாள். அறிவுச்செல்வியும் அப்படித்தான் நம்பினாள். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார்கள்.

காலையில் இஞ்ஞாசி வெந்நீர் ஊற்றி ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போறேன் தாயி, முதலாளி வீட்டுக்குக் காய் எடுத்துட்டு வர. சிலுவையோட போனா ரோட்டுல எவனாச்சும் அடிபட்டுக் கெடக்குறவன் ஏறிக்கிருவான்ல." அவருக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. "ஸ்டிக்கர் பீரோவுல பத்திரமா இருக்கும்."

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் யாரும் கேட்காமலேயே அறிவுச்செல்வி எழுந்துவிட்டாள். "சார், வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாக சார்."

"எங்க போச்சு? இந்தா நிக்கிதே" என்று ஸ்டான்லி திரையைக் காட்டினார். நின்றது. சத்யபிரியாவும் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது படம் சார்."

"படம்னு சொல்லாதம்மா. வசதி."

முதலாளி அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். "போன மாசம் வரைக்கும் நம்ம வெப்சைட்டுல வண்டியே கெடையாது. இன்னைக்கு வந்து நிக்கிது. முன்னேற்றம்னா படிப்படியாத்தான் வரும். எங்கப்பா காலத்துல வெப்சைட்டே இல்ல, தெரியுமா உனக்கு?"

அவர்கள் எல்லோரும் படித்தவர்கள், அறிவுச்செல்வியிடம் கோபப்படவும் இல்லை. வடைகூடக் கொடுத்தார்கள். ஒருவேளை வண்டி என்று தான் கேட்டது சரியில்லையோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது. "வண்டி மட்டும் இருந்தா ஆகாது சார். அவசரம்னா கேட்டத் தொறக்கணும். அதுக்கு மேனேஜர் சார் கையெழுத்து வேணும். சார் இல்லேன்னா வாட்ச்மேன் தொறக்க மாட்டாரு" என்று சொல்லிப் பார்த்தாள்.

முனீர் உற்சாகமாகிவிட்டார். "ரொம்ப முக்கியமான விஷயம் சார். ரெண்டாவது தப்பு அதுதான். உள்ள வர்றவங்களக் காக்க வைக்கிறது. பக்கம் தொறக்க மூணு வினாடிக்கு மேல ஆச்சுன்னா ஆள் போயிருவான்."

"மூணு வினாடியா?" முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்மளத் தேடி வர்ற ஒருத்தரையும் மூணு வினாடிக்கு மேல காக்க வைக்கக் கூடாது. இது என்னோட உத்தரவு. கேட் தொறந்திருக்கிற மாதிரி ஒரு படமும் போட்டுருங்க."

அதையும் சூசை வந்து எடுத்தார். மில்லின் பெரிய இரும்புக் கேட்டைக் கையெழுத்தில்லாமல் திறந்ததை அன்றைக்குத்தான் பெண்கள் பார்த்தார்கள். சோளக்காட்டுக்கு அப்பால் ரோடு தெரிந்தது, ஒரு மினி பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. படம் நன்றாக வந்திருக்கிறது என்று சூசை சொன்னதும் வாட்ச்மேன் கேட்டைச் சாத்திப் பூட்டினார்.

எல்லாப் பக்கங்களையும் தாளில் அச்செடுத்து அறைச் சுவரில் ஒட்டிவைத்தார்கள். முதலாளிக்குத் திரையில் படிக்க வராது. சிவப்பு மையால் திருத்தினால்தான் அவருக்குத் திருப்தி. திருத்தமெல்லாம் முடிந்து கையெழுத்துப் போடப்போகும்போது, வாஸ்து பார்க்காமல் எப்படி என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒட்டன்சத்திரத்துப் பக்கமிருந்து ஆண்டிச்சாமி என்ற வாஸ்து நிபுணரைக் கார் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். அவர் திசைகாட்டியைத் தாளின்மேல் வைத்து, செத்த நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"திரைக்கு மேல்பக்கம் வடக்குங்க. கீழ்பக்கம் தெக்குங்க. ஈசானி மூலையில ஆம்புலன்ஸ் நிக்கிறது ரொம்ப விசேஷம். ஆனா ஏனுங்க, தெக்க என்னமோ நம்பர் எழுதியிருக்குதுங்களே?"

"அவசர போன் நம்பர். விடுதிப் பெண்களோட வீட்டுல இருந்து கூப்பிட்டாலும் இதுக்குத்தான் வரும். எல்லா வெப்சைட்டுலயும் அடியிலதான் போடுவாங்க" என்றார் முனீர்.

"தெக்க எமன் வாசலுங்க. அங்க கொண்டுபோய் நம்பரை வெச்சா, போன் பண்ணிக் கூப்பிட்டா யாருங்க வருவாங்க?"

அறையில் எல்லோருக்கும் புல்லரித்தது. நம்பரை எடுத்துவிடச் சொன்னார் முதலாளி. கூப்பிட நம்பரே இல்லாத வெப்சைட் என்பது தவறுகளிலேயே பெரிய தவறு என்று முனீர் மன்றாடிப் பார்த்தார்.

"தம்பி, தப்பு வேற, தோஷம் வேற. தப்புன்னா நாளைக்குத் திருத்திக்கலாம்" என்றார் முதலாளி. முனீர் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்.

திறப்பு விழா திண்டுக்கல்லில் ஒரு ஓட்டல் மண்டபத்தில், வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை. பெல்ஜியத்துக்காரர் நேரில் வந்திருந்தார். தொழிலாளர் பிரதிநிதி என்ற முறையில் அறிவுச்செல்விக்கு மேடையில் நாற்காலி.

அன்று விடியும்போதே சத்யபிரியாவுக்கு இளைப்பு கண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வார்டன் அம்மாவைப் போய்க் கேட்டால், கேட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய மேனேஜர் ஸ்டான்லி விழா வேலையாக முந்தின ராத்திரியே திண்டுக்கல் போய்விட்டார், வண்டியும் அங்கேதான் நிற்கிறது என்றாள். விழாவுக்குப் போக அறிவுச்செல்வி ஒருத்தி பேருக்குத்தான் அவர் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். வரமாட்டேன் என்று அவள் அழுதாள். சத்யபிரியாதான் அவளைப் பிடித்துத் தள்ளினாள்.

"நீ போனாத்தான்க்கா... வண்டி வரும். போய்ச் சொல்லி... அனுப்பிவிடு."

ஓட்டல் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். விருந்தாளிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அறிவுச்செல்வி நேராக இஞ்ஞாசியிடம் ஓடினாள். சாவியை ஸ்டான்லி வாங்கி வைத்துக்கொண்டார் என்றார் அவர். ஸ்டான்லியிடம் ஓடினாள்.

"செத்த நேரம் பொறும்மா. பெல்ஜியத்துக்காரர் பாக்கட்டும். அவர் வர்றப்போ வாசல்ல ஆம்புலன்ஸ் இல்லேன்னா, உங்களுக்கெல்லாம் நாங்க ஒண்ணுமே செய்யலேன்னு நெனைச்சுக்கிற மாட்டாரா?"

"அங்க அவ மூச்சு விட முடியாம நிக்கிறா சார். கேட்டத் தொறக்கச் சொல்லி ஒரு போனாச்சும் பண்ணுங்க சார்."

"கையெழுத்தப் போன்ல எப்படிம்மா போடுறது?" என்று கேட்டுவிட்டு ஸ்டான்லி வரவேற்புக்குப் போய்விட்டார்.

விழா தொடங்கியது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்தார்கள். ஆண்டிச்சாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு முதலாளி பேசினார். "எங்கள் மில்லில் வேலை பார்ப்பது தொழிலாளர்கள் அல்ல, என் மகள்கள். ஒரு மகளுக்குத் தலைவலி என்றால் எனக்குத் தூக்கம் வராது. அதை உலகத்துக்கு எப்படிக் காட்டுவது என்றுதான் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. இனிமேல் நான் நிம்மதியாகத் தூங்குவேன்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. பொத்தானை அமுக்கினார். ஓட்டலின் இணைய இணைப்பு மந்தமாக இருந்ததால் பக்கம் திறக்கவில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் திறந்தாக வேண்டும் என்று கூட்டம் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. மேல்பாதி முதலில் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆம்புலன்ஸ் இறங்கி வந்தது. கடைசியில் சத்யபிரியா சிரித்தாள். கைதட்டல் காதைப் பிளந்தது.

தொழிலாளர் பிரதிநிதி இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்கள். அறிவுச்செல்வி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அந்தப் படத்துல இருக்கிற பிள்ளைக்கு இப்ப மூச்சு முட்டுது. மில்லுல கெடக்குறா. வண்டிய விடுங்கய்யா. உங்க கால்ல விழுறேன், வண்டிய விடுங்க."

பெல்ஜியத்துக்காரர், என்ன சொல்கிறாள் என்று பக்கத்தில் இருந்த ஸ்டான்லியிடம் விசாரித்தார். ஆம்புலன்ஸ் வாங்கித் தந்ததற்கு நன்றி சொல்கிறாள், உணர்ச்சிவசப்பட்டு அழுகிறாள் என்று ஸ்டான்லி ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததால் எல்லோரும் எழுந்து தட்டினார்கள். இத்தனை பேர் சேர்ந்து தனக்காகத் தட்டுவதை அறிவுச்செல்வி அதற்குமுன் கேட்டதில்லை. அந்தச் சத்தத்தில் அவள் மறுபடி மறுபடி சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

பெல்ஜியத்துக்காரர் வெளியே வந்து ஆம்புலன்ஸைப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். சாப்பிடப் போனார். அப்புறந்தான் சாவி வந்தது. மாலை கசங்காமல் ஓட்ட வேண்டும் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். இஞ்ஞாசி மாலையைப் பிய்த்து ரோட்டில் எறிந்துவிட்டு வண்டியை எடுத்தார். தாடிக்கொம்பு தாண்டும்போது அறிவுச்செல்வி, "இன்னும் வேகமாண்ணே, இன்னும் வேகமா" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

மில் கேட்டுக்கு உள்பக்கம், வாட்ச்மேன் உட்காருகிற பெஞ்சில் சத்யபிரியாவைப் படுக்கவைத்திருந்தார்கள். விடுதிப் பெண்கள் அவளை அதுவரைக்கும் தூக்கி வந்திருந்தார்கள். அதற்குமேல் வர முடியவில்லை. வெளியே பால்காரர் மொபெட்டோடு காத்திருந்துவிட்டுப் போயிருந்தார். வாட்ச்மேன் பூட்டைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். "கையெழுத்து இல்லாமத் தொறந்தா நாளைக்கு நான் எங்க தாயி போவேன்? தொறந்துட்டேன், கடைசியில தொறந்துட்டேன். அதுக்குள்ள அடங்கிருச்சு."

அந்த ஆம்புலன்ஸ் தன் வாழ்நாளில் ஏற்றிய முதல் ஆள் சத்யபிரியாதான். ஊருக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அந்த வாரமே கமிட்டி அவசரமாகக் கூடியது. எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். எப்படி இப்படி ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார் முதலாளி. ஆண்டிச்சாமி சுவரில் இருந்த தாளைப் பார்க்கவில்லை; கம்ப்யூட்டரையே திறக்கச் சொன்னார். பக்கத்தை ஓட்டிக்கொண்டே கீழே போனார். தென்கோடியில், கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில், அவசர போன் நம்பர் இருந்தது. மனசு கேட்காமல் முனீர் அதை யாருக்கும் தெரியாமல் சேர்த்திருந்தார்.

"அன்னைக்கே சொன்னனுங்க. தெக்க நம்பரை வெச்சீங்க, வந்துட்டான்."

எல்லோரும் முனீரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். மரணத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டதில் அறைக்கே ஒரு நிம்மதி வந்தது. நம்பரை அப்போதே எடுத்தார்கள். ஸ்டான்லி எவ்வளவோ வேலைக்கு நடுவிலும் இதைத் தன் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

முனீருக்குத் தன் தவறை ஈடுகட்ட வேண்டும் போல இருந்தது. "இன்னொண்ணு இருக்கு சார். இல்லாத ஆளை வெப்சைட்டுல வெச்சிருக்கிறது பெரிய தப்பு. அந்தப் படத்த உடனே மாத்தணும்."

"அதுவும் சரிதான். செத்த பிள்ள சிரிச்சுக்கிட்டிருந்தா பாக்குறவுக என்ன நெனைப்பாக?" என்ற முதலாளி மேஜைக் கோடியைப் பார்த்தார். "நம்ம கமிட்டி மெம்பரே இருக்குல்ல. சினேகிதி வேற. அந்தப் பிள்ளைக்குச் செய்ற மரியாதையா இருக்கும்."

அதே ஆம்னி, அதே ஸ்டிக்கர். அறிவுச்செல்வியை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துப் போர்த்தினார்கள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. சத்யபிரியா செத்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. யார் எங்கே போகச் சொன்னாலும் போய் நின்றாள். சூசை நயமாகக் கேட்டார், அதட்டிக் கேட்டார், சிரி சிரி என்று தானே சிரித்துக் காட்டினார். இஞ்ஞாசியை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார்கள். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"விடுங்க சார்" என்று கடைசியில் சூசையே கேமராவை மூடினார். "முகம் கெடைச்சாப் போதும். அந்தப் பிள்ளையோட சிரிப்பு கம்ப்யூட்டர்ல இருக்கு. வெட்டி இதுக்கு ஒட்டிரலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

ஒருவருக்கும் தெரியவில்லை. பெல்ஜியத்திலிருந்து ஆர்டர் வந்தது. ஆம்புலன்ஸில் சிரிக்கும் பெண்ணைத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள்.

காரியம் முடிந்தபிறகு சத்யபிரியாவின் அம்மா கண்ணம்மாள், மகளின் பெட்டியை எடுத்துப்போக மில்லுக்கு வந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறிவுச்செல்வி ஆபீஸ் வரைக்கும் கூட வந்தாள். கண்ணம்மாள் ஸ்டான்லியின் மேஜைக்கு முன்னால் நின்று கும்பிட்டாள்.

"ஐயா, எம் புள்ளைய இங்க படம் எடுத்தாகன்னு போன்ல சொன்னா. வீட்டுல அவ படம் ஒண்ணுகூட இல்லய்யா. அதக் கொஞ்சம் குடுத்தீகன்னா மாட்டி வெச்சுக்கிருவேன்."

"அந்தப் படம் இப்ப இல்லம்மா. எடுத்தாச்சு" என்றார் ஸ்டான்லி. அவருக்கு அன்று மனசு இளகியிருந்தது. வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாமே என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். "இந்தா பாரு, இந்த வண்டியிலதான் அவளும் படுத்திருந்தா. இப்ப வேற பிள்ள."

கண்ணம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு ஒரு விரலை எடுத்து, அந்தப் பெண்ணின் வாய்மேல் மட்டும் வைத்தாள்.

"இது எம் மக சிரிப்புல்லய்யா?"

"வேற பிள்ளம்மா. இந்தா, உம் பக்கத்துலயே நிக்கிதுல்ல, அந்தப் பிள்ளதான்."

கண்ணம்மாள் திரும்பி அறிவுச்செல்வியைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லி, அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "தாயி, உனக்குக் கோடிப் புண்ணியம். ஒருக்கா சிரி, பாப்போம்."

அறிவுச்செல்வி வாயைத் திறந்தாள். அவளால் முடியவில்லை. கண்ணம்மாள் கையை எடுக்காமல், இதோ வந்துவிடும் என்பதுபோல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.